நாகர் தலைவனுக்குச் சொல்லப்பட்ட அறம்

ஒரு பழக்கத்தைத் தீமை என்று சமயமும் சமூகமும் தீர்ப்பிட்ட பின், அதை விட இயலாமல் அதனுள் கிடக்கும் ஒருவரின் உயிரை, அவர் அதை விடுவதற்கு முன்பே காப்பது அறமாகுமா, அல்லது அத்தீமைக்குத் துணைபோவதாகுமா என்ற கேள்வி மிகப் பழமையானது; ஆயினும் கடந்த நாற்பது ஆண்டுகளில் அது பொதுநல மருத்துவத்தின் அன்றாடக் கேள்வியாகவும் ஆகிவிட்டது. மதுவையோ போதைப்பொருளையோ பயன்படுத்துவோரிடம் ‘முதலில் இதை விடு, பிறகு வா’ என்று நிபந்தனை விதிக்காமல், அவர் இருக்கும் இடத்துக்கே சென்று, அப்பழக்கத்தால் வரும் சாவையும் நோயையும் குறைக்கும் பணியைத் ‘தீங்கு குறைப்பு’ என்று இத்துறையினர் வழங்குகின்றனர். ஊசி வழியே போதை ஏற்றுவோருக்குத் தூய ஊசி தருவது, ஹெராயினுக்கு மாற்றாக நாவின் அடியில் வைக்கும் பியூப்ரெநார்ஃபின் மாத்திரையை மருத்துவர் கண்காணிப்பில் கொடுப்பது, அபின் வகைப் பொருள் மிகுந்து மூச்சு அடங்கும் தறுவாயில் மீட்கும் நலாக்சோன் மருந்தைக் கைவசம் வைத்திருப்பது ஆகியவை இப்பணியின் பகுதிகளாகும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம் 2016 ஏப்ரலில் இத்தகைய சாவுகளின் பெருக்கத்தால் பொதுச் சுகாதார நெருக்கடி நிலையை அறிவித்தது. அங்கே நிலமும் மொழியும் பறிக்கப்பட்ட முதற்குடி மக்கள் தம் தொகைக்கு மிக மேலான விகிதத்தில் இறந்ததால், மருந்தும் ஊசியும் உணவும் ஏற்றிய ஊர்திகள் வீடற்றோர் தங்கும் இடங்களைத் தேடிச் சென்றன. இவ்வழக்கம் தமிழ்நாட்டுக்கு அயலானது என்று தோன்றலாம். ஆனால் அது எழுப்பும் கேள்வியை இந்த நாட்டைப் போல நெடுங்காலம் எதிர்கொண்ட நாடுகள் குறைவு; அதிலும் சேலம், நாமக்கல் சமவெளி அக்கேள்வியின் ஒரு பக்கத்தைச் சட்டமாகவே எழுதிப் பார்த்த நிலமாகும்.

இந்தியாவில் ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்ட மாகாணங்களில் முழு மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது சேலம் மாவட்டத்தில்தான். 1937 அக்டோபர் 1 அன்று, சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த சி. இராசகோபாலாச்சாரி அதை இங்கே தொடங்கினார். இன்றைய நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களையும் உள்ளடக்கிய அன்றைய சேலம் மாவட்டத்தை அவர் தேர்ந்தது தற்செயலன்று. சேலத்தில் வழக்கறிஞராகவும் நகராட்சித் தலைவராகவும் இருந்த அவர், 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவி, கதர் நெய்வோரும் கூலி உழவரும் கள்ளுக்கடையில் கூலியை இழந்து வீடு திரும்புவதை ஆண்டுக்கணக்கில் கண்டவர்; அந்த ஆசிரமத்திலிருந்து வெளிவந்த மதுவிலக்கு இதழான ‘விமோசனம்’ கல்கி கிருஷ்ணமூர்த்தியின் உழைப்பில் நடந்தது. கலால் வருவாய் இழப்பை ஈடுசெய்ய 1939இல் விற்பனை வரி கொண்டுவரப்பட்டது என்பதிலிருந்து, அந்த முடிவுக்காக அரசு தன் கருவூலத்தையே மாற்றியமைக்க முன்வந்தது என்பது விளங்கும். இத்தகைய உறுதியை எளிதில் தள்ளிவிட இயலாது. குடிப்பவரின் குழந்தைக்கு ஒரு வேளைச் சோறு மிஞ்சவேண்டும் என்ற இரக்கமே அதன் வேராக இருந்தது. இக்கட்டுரை மதுவிலக்கை எதிர்த்து எழுதப்பட்டதன்று என்பதை இங்கேயே சொல்லிவிடுவது நன்று.

ஆயினும் அச்சட்டத்தின் மொழி, விற்பவரையும் குடிப்பவரையும் ஒரே குற்ற வரிசையில் நிறுத்தியது. ஆட்சிகள் மாறி, 1971இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டு, மீண்டும் கொண்டுவரப்பட்டு, மறுபடி தளர்ந்து, 1983இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் என்ற டாஸ்மாக் உருவாகி, 2003இல் சில்லறை விற்பனையையும் அரசே ஏற்ற பிறகும், 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் தமிழ்நாட்டில் இன்றளவும் உயிருடன் இருக்கிறது. உரிமமற்ற சாராயத்தைக் காய்ச்சுவதோடு, அதை வாங்குவதும் குடிப்பதும்கூட அதன்படி குற்றமாகும். 1987 முதல் பனங்கள்ளும் தென்னங்கள்ளும்கூட விலக்கப்பட்டிருக்கின்றன. அரசு விற்கும் மதுவைக் குடிப்பவர் நுகர்வோராகவும், அதை வாங்கக் காசில்லாமல் பாக்கெட் சாராயம் குடிப்பவர் குற்றவாளியாகவும் எண்ணப்படும் நிலை இவ்வாறு உருவாயிற்று. சேலம் மாவட்டத்து இளம்பிள்ளைப் பகுதியைச் சேர்ந்த காந்தியவாதி சசிபெருமாள், டாஸ்மாக் கடை ஒன்றை அகற்றக் கோரி 2015 ஜூலை 31 அன்று குமரி மாவட்டத்தில் கைப்பேசிக் கோபுரத்தின் மீது போராடிய நிலையில் உயிர் துறந்தார். மதுவிலக்கு இம்மண்ணின் மனச்சான்றில் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகும்.

குடிப்பவர் குற்றவாளியாக எண்ணப்படும் இந்நிலை மலைவாழ் மக்களையும் தொடுகிறது. சேலத்தை அடுத்த பனமரத்துப்பட்டிக்கு அருகே எழும் ஜருகுமலையில் வாழ்வோர் மலையாளிப் பழங்குடியினர் ஆவர். கேரளத்தவரோடு தொடர்பில்லாத, தமிழ் பேசும் மலைவாழ் மக்களான இவர்கள், தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்ற மரபுக்கதையைப் போற்றுகின்றனர். சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் மலைகளிலும் இவர்களே பெரும்பான்மையர். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, கல்வராயன் மலையின் பெயரும் உடனே அடிபட்டது. அங்கே கொல்லும் பொருளாக இருந்தது மலையில் வெல்லமும் மரப்பட்டையும் இட்டுப் போடும் ஊறல் அன்று, தொழிற்சாலைகளுக்கான மெத்தனால். ஆயினும் ஒரு மலை முழுவதும், ஒரு குடி முழுவதும் ஐயத்துக்கு உள்ளாவதை இவ்வேறுபாடு தடுப்பதில்லை. பிழைப்புத் தேடி மலையிறங்குபவருக்கு நேர்வதும் இதுவே. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சுட்டுக்கொல்லப்பட்ட 20 தமிழகத் தொழிலாளரில் மலையாளிப் பழங்குடியினர் பலர் இருந்தனர். நிலமும் வேலையும் வீடும் நிலையில்லாமல் போனவரிடம் குடி சேர்வதும், குடித்தவரிடம் சட்டம் முதலில் சேர்வதும், மருத்துவம் கடைசியில் சேர்வதும் கனடாவுக்கு மட்டும் உரிய வரலாறன்று.

இனிச் சமய நூல்கள் இதில் என்ன சொல்கின்றன என்பதைப் பார்க்கலாம். கொலை, களவு, கள், காமம், பொய் என்ற ஐம்பெரும் பாவங்களின் வரிசை சமண, பௌத்த, சைவ, வைணவ வேறுபாடின்றித் தமிழில் நிலைபெற்றது. திருக்குறளின் 93ஆம் அதிகாரமான கள்ளுண்ணாமை எவ்விதச் சலுகையும் தராதது. குடியில் மூழ்கியவனுக்குக் காரணம் காட்டி அறிவுரை கூறுவது, நீருக்கடியில் மூழ்கிப்போனவனைத் தீப்பந்தம் கொண்டு தேடுவதைப் போன்றது என்று வள்ளுவர் அங்கே கூறுகிறார். மக்களின் வழிபாடோ வேறு விதமாக நின்றது. சேலம் வட்டாரத்துக் காவல் தெய்வமான முனியப்பனுக்குச் சாராயமும் சுருட்டும் படைப்பதும், கிடா வெட்டுவதும், அரளி மாலை சூட்டுவதும் இன்றும் நடப்பவை. நூல் விலக்கிய பொருளை அத்தெய்வம் விலக்கவில்லை. சேலம் பெரியேரிப் பகுதியில் தலைவெட்டி முனியப்பனாக வழிபடப்பட்ட சிலை புத்தருடையது என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் அறிவித்ததை இங்கே நினைப்பது பொருத்தமாகும்: ஐந்தாம் சீலமாகக் கள்ளை விலக்கிய ஒருவரின் உருவமே, காவல் தெய்வமாக மக்களின் வழிபாட்டுக்குள் வந்திருந்தது. ஆனால் கள்ளை முற்றாக விலக்கும் நூலும், அதை மறுக்காமல் ஏற்கும் தெய்வமும் ஆகிய இரண்டுமே, குடித்துச் சாகக் கிடப்பவருக்கு நாம் செய்ய வேண்டியது யாது என்ற கேள்விக்கு நேரே விடை தருவதில்லை. அந்த விடை ஒரு பௌத்த காப்பியத்தில் இருக்கிறது.

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் ‘ஆதிரை பிச்சையிட்ட காதை’ என்ற பதினாறாம் காதை, மணிமேகலையின் குறையாத உணவுக்கலமான அமுதசுரபியில் முதல் பிச்சையை இட்ட ஆதிரையின் கற்பைப் புகழ்வதற்காகவே பெரிதும் நினைக்கப்படுகிறது. அவள் கணவன் சாதுவன் கடலில் பட்ட பாடும், ஒரு தீவு மலையில் நடத்திய உரையாடலும் போதிய கவனம் பெறவில்லை. கணிகையிடமும் சூதிலும் செல்வத்தைத் தொலைத்த சாதுவன் வாணிகத்துக்காகக் கப்பலேறி, கலம் உடைந்து, ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் வாழும் மலையின் கரையில் ஒதுங்குகிறான். அவன் அவர்கள் மொழியை நன்கு கற்றவனாக இருந்ததால், உண்பதற்காகக் கொல்ல வந்தவர்கள் அவனைத் தம் தலைவனிடம் அழைத்துச் செல்கின்றனர். பெண்ணும் கள்ளும் ஊனும் கொடுத்துத் தலைவன் விருந்தோம்ப, சாதுவன் அவற்றை மறுக்கிறான். ஏன் மறுக்கிறாய், இவை இல்லாமல் இவ்வுலகில் இன்பம் ஏது என்று தலைவன் கேட்கிறான். மயக்கும் கள்ளையும் கொலையையும் அறிஞர் விலக்கினர், இறந்தவர் பிறப்பதும் பிறந்தவர் இறப்பதும் உறங்குவதும் விழிப்பதும் போன்றவை என்று சாதுவன் சொல்ல, உடலை விட்ட உயிர் எப்படி வேறிடம் புகும் என்று நகைத்துத் தலைவன் வாதிடுகிறான். வாதம் முடிந்தபின் அவன் சொல்வதுதான் இக்காதையின் உயிர்நாடி: கள்ளையும் ஊனையும் விட்டால் எங்களால் உயிர் வாழ இயலாது, ஆகவே எங்களுக்கு இயலும் அறத்தை எடுத்துச் சொல் என்கிறான்.

சாதுவன் தந்த விடை வியக்கத்தக்கது. கலம் உடைந்து உயிர் தப்பி இங்கே ஒதுங்குபவரைக் கொல்லாமல் காப்பாயாக. மூத்துத் தாமே இறக்கும் விலங்கின் ஊனைத் தவிர, வேறு எவ்வுயிரிடத்தும் தீங்கு செய்யாதே என்பதே அந்த விடை. கள்ளைப் பற்றி அவ்விடையில் ஒரு சொல்லும் இல்லை. சற்று முன்புதான் கள்ளை விலக்க வேண்டியதன் காரணத்தைச் சொன்ன அதே பௌத்தன், கேட்பவனுக்கு இயலாது என்று அறிந்தவுடன் அதை ஒதுக்கிவைத்து, உடனடியாக உயிரைக் காக்கும் ஒன்றை மட்டும் வேண்டுகிறான். தன் கொள்கையை அவன் கைவிட்டுவிட்டான் என்று சொல்ல இயலாது. தனக்கு வைத்த கள்ளை அவன் இறுதிவரை தொடவில்லை. தனக்குரிய ஒழுக்கத்தை முழுமையாகக் காப்பதும், பிறருக்கு அவரால் ஏலும் அறத்தைச் சொல்வதும் ஒரே மனிதனிடம் முரணின்றி அமைய முடியும் என்பதை இப்பகுதி காட்டுகிறது. கேட்பவரின் நிலைக்கு ஏற்ப அறத்தைப் படிப்படியாக உரைப்பதை மகாயான பௌத்தம் ‘உபாயம்’ என்ற கருத்தாக வளர்த்தது. சாத்தனார் அதைக் கோட்பாடாகச் சொல்லாமல் ஒரு கடற்கரையில் நடத்திக் காட்டியிருக்கிறார்.

இக்கதையை இன்றைக்கு எடுத்துவரும்போது இரண்டு எச்சரிக்கைகள் வேண்டும். ஆடையற்ற, மனிதரைத் தின்னும் நாகர் என்பது புகார் வணிகரின் பார்வையில் எழுதப்பட்ட சித்திரம். அதை எந்தப் பழங்குடி மீதும் ஏற்றுவது பெருந்தவறு. மற்றது இதனினும் முக்கியமானது. ‘இவர்களால் இவ்வளவுதான் முடியும்’ என்று மேலிருந்து அளந்து கொடுப்பது இரக்கத்தின் வேடம் பூண்ட இழிவுபடுத்தலாகும். தீங்கு குறைப்பின் மீது பழங்குடி அறிஞர்கள் வைக்கும் கூர்மையான குற்றச்சாட்டும் இதுவே. காப்பியத்தில் அந்த அளவைச் சொன்னவன் சாதுவன் அல்லன், நாகர் தலைவன். அவன் கேள்வி கேட்டான், நகைத்தான், வாதிட்டான், பின் தன் மக்களால் எது ஏலும், எது ஏலாது என்று தானே வரையறுத்தான். அதுவரை சாதுவன் அந்த முடிவுக்கு வரவில்லை. அளவை வகுக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதில்தான் இரக்கமும் அவமதிப்பும் பிரிகின்றன. அவர்கள் மொழியைச் சாதுவன் கற்றிருந்தான் என்ற செய்தியும் அலங்காரத்துக்காகச் சேர்க்கப்பட்டதன்று.

இந்தியப் பழங்குடிப் பகுதிகளில் இவ்வறம் நேரடியாகச் சோதிக்கப்பட்ட இடம் மணிப்பூர். மியான்மர் எல்லை வழியே வந்த ஹெராயினை ஊசியில் ஏற்றிக்கொண்ட இளைஞரிடையே 1989, 1990ஆம் ஆண்டுகளில் எச்.ஐ.வி. பரவியபோது, ஆறு மாத காலத்துக்குள் ஏறத்தாழப் பாதிப் பேர் தொற்றுக்கு உள்ளாகினர். குடும்பத்தாரே பிள்ளைகளைச் சிறையில் அடைக்கச் சொல்லிக் கேட்ட காலம் அது. கிறித்தவப் பழங்குடி மக்கள் செறிந்து வாழும் சூராசந்த்பூரில், கிறித்தவ மருத்துவ ஊழியத்திலிருந்து பிறந்த ஷாலோம் என்ற அமைப்பு 1990களின் நடுவில் தூய ஊசிகளைக் கொடுத்துப் பழைய ஊசிகளைத் திரும்பப் பெறும் பணியைத் தொடங்கியது. 1996இல் மணிப்பூர் அரசின் எய்ட்ஸ் கொள்கை தீங்கு குறைப்பை ஏற்றுக்கொண்டது. பாவத்துக்கு ஊசி எடுத்துக் கொடுப்பதா என்ற கேள்வி அங்கே திருச்சபைகளுக்குள்ளிருந்தே எழுந்தது என்பது இயல்பே. ஊசி கொடுத்த ஊழியர்களும் அதே வேதத்தையே படித்தவர்கள். வழியில் குற்றுயிராகக் கிடந்தவனிடம், நீ ஏன் இந்த வழியில் வந்தாய் என்று கேட்காத சமாரியனின் உவமை அவர்களுக்கும் தெரிந்ததுதான். நாமக்கல், சங்ககிரி லாரித் தொழில் வட்டாரமும் இதற்கு முற்றிலும் புறம்பாக இருந்ததில்லை. 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனின் குழு நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்த பின், லாரிகள் நிற்கும் இடங்களுக்கே சென்று ஓட்டுநர்களிடம் ஒழுக்க விசாரணை செய்யாமல் ஆணுறையும் மருத்துவ அறிவும் வழங்கிய களப்பணியாளர்களை இச்சமவெளி கண்டது. பொறுக்க இயலாத ஒழுக்கக்கேடு என்று அன்று சிலர் கருதிய அப்பணி எத்தனையோ மனைவியரையும் பிறக்கவிருந்த குழந்தைகளையும் காத்தது.

எதிர்வாதங்களில் வலுவானது வள்ளுவருடையதே: மூழ்கியவனைப் பந்தம் கொண்டு தேடுவதில் பயன் என்ன? அவ்வுவமையை ஊன்றி நோக்கினால், அவர் பயனற்றது என்று சொன்னது காரணம் காட்டும் அறிவுரையையே அன்றி, உதவியை அன்று. மூழ்கியவனுக்கு ஒளி பயன்படாது, கை பயன்படும். மற்றொரு எதிர்வாதம், இத்தகைய உதவி குடிப்பவருக்குத் துணிவூட்டும் என்பது. இதற்கு வள்ளலார் இராமலிங்க அடிகளின் நிலை கருதத்தக்கது. பசித்தவர் எத்தேசத்தார், எச்சமயத்தார், எச்சாதியார், எச்செய்கையார் என்று விசாரியாமல் பசி நீக்க வேண்டும் என்று ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் எழுதிய அவர், உயிர்க்கொலையும் புலால் உண்ணலும் உடையோரைத் தம் உறவினராக ஏற்க மறுத்தார். ஆனால் அவர்களுக்கும் பசி தவிர்த்தல் ஒன்றை மட்டும் செய்யுமாறே சொன்னார். 1867இல் வடலூரில் ஏற்றப்பட்ட தருமச்சாலையின் அடுப்பு இந்தக் கொள்கையின் மேல்தான் எரிகிறது. ஒழுக்கத்தில் அவரினும் கடுமையானவரைக் காட்டுவது அரிது; அவரே உயிர்காக்கும் செயலை ஒழுக்கத் தேர்வுக்கு வெளியே வைத்தார். மணிமேகலை தன் அமுதசுரபியால் அரசனின் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கியதும் இவ்வழியைச் சேர்ந்ததே. அங்கே கிடந்தவர் யாவரும் குற்றமற்றவர் என்று சாத்தனார் எங்கும் சொல்லவில்லை.

இன்னொரு எதிர்வாதம் உண்டு. அதற்கு முழு விடை கிடையாது. ஊர்தியில் வந்து மருந்து கொடுத்துச் செல்லும் பணி, நிலத்தையும் வேலையையும் இழந்தவருக்கு அவற்றைத் திருப்பித் தருவதில்லை. கடையைத் திறந்து வைத்திருக்கும் அரசே ஆம்புலன்சையும் அனுப்பிவிட்டுத் தன் கடமை தீர்ந்தது என்று ஓய்ந்துவிட அது வழிசெய்யலாம். இந்த அச்சம் நியாயமானது. அதனால்தான் தீங்கு குறைப்பை மதுவிலக்குக்கு மாற்றாக முன்வைப்பது பிழையாகும். விற்பவரிடமும் ஆள்பவரிடமும் பேச வேண்டிய அறம் ஒன்று, அது கண்டிப்பானது. கரையொதுங்கியவரிடம் பேச வேண்டிய அறம் வேறொன்று. 1937ஆம் ஆண்டின் சட்டம் இவ்விரண்டையும் ஒன்றாக்கியதே அதன் குறையாகும்.

மெத்தனால் நஞ்சின் இயல்பு இதைத் தெளிவாக்குகிறது. அது உடலுக்குள் சென்றபின் ஈரலில் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைத் தாக்குகிறது. இம்மாற்றத்துக்குப் பல மணி நேரம் ஆவதால், குடித்தவருக்கு முதலில் பெரிய துன்பம் தெரிவதில்லை, கண் மங்கும்போதுதான் அச்சம் வருகிறது. அந்த இடைவெளிக்குள் மருத்துவமனையை அடைந்தால் ஃபோமெபிசோல் என்ற மருந்தாலோ, அது இல்லாத இடத்தில் எத்தனாலாலோ அம்மாற்றத்தைத் தடுத்து, டயாலிசிஸ் செய்து பலரைக் காப்பாற்ற முடியும். எத்தனால் என்பது வேறன்று. குடிப்பவர் நாடிய சாராயத்தின் பொருளே அது. அறநூல் விலக்கிய பொருளை மருத்துவர் அளந்து கொடுத்து உயிர் காக்கும் அந்த நேரத்தில், பொருளின் தூய்மையைப் பற்றிய விவாதம் பின்னுக்குப் போய்விடுகிறது. நோயாளி எத்தனை மணிக்கு வந்தார் என்பது ஒன்றே முக்கியமாகிறது. வழக்குக்கு அஞ்சியோ வெட்கப்பட்டோ வீட்டுக்குள் படுத்துக்கிடப்பவர் அந்த மணிகளை இழக்கிறார். கள்ளக்குறிச்சியிலிருந்து பலர் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். ஜருகுமலையிலோ கல்வராயன் மலையிலோ இருந்து அங்கே வந்து சேர ஆகும் நேரத்தோடு, அச்சத்தால் தயங்கும் நேரமும் சேரக் கூடாது.

சட்டத்தில் இதற்கு ஒரு முன்மாதிரி ஏற்கெனவே இருக்கிறது. எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், 2017இன் 22ஆம் பிரிவு, தொற்றின் ஆபத்தைக் குறைப்பதற்காகத் தூய ஊசியோ ஆணுறையோ மாற்று மருந்தோ வழங்குவதை, வேறு எந்தச் சட்டம் எது சொன்னாலும், குற்றமாகக் கொள்ளலாகாது என்கிறது. கள்ளக்குறிச்சிச் சாவுகளுக்குப் பின் 2024இல் திருத்தப்பட்ட தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், கள்ளச்சாராயத்தைக் காய்ச்சி விற்பவருக்கான தண்டனையை ஆயுள் சிறை வரை உயர்த்தியது, அது வேண்டியதே. அதே சட்டத்தில் இன்னும் ஒரு பிரிவு சேர்க்கப்பட வேண்டும்: கள்ளச்சாராயம் குடித்துவிட்டு மருத்துவமனைக்கு வரும் எவர் மீதும், அவரை அழைத்து வருபவர் மீதும் குடித்ததற்காக வழக்கு இல்லை என்று அது சொல்ல வேண்டும். அதைப் பழங்குடி மக்களின் ஊர்க்கூட்டங்களில் அவர்களோடு கலந்து எழுதி, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள் ஒவ்வொரு மலைக்கும் ஏறிச் சென்று, அம்மக்களின் பேச்சிலேயே எடுத்துச் சொல்ல வேண்டும். சேலத்தில் பிறந்த ஒரு சட்டத்துக்குச் சேலத்து மக்கள் பிரதிநிதிகளே இத்திருத்தத்தைச் சட்டமன்றத்தில் முன்மொழிவார்களாக.